கோபிட்டுக்கு ஓர் இனிஷியல்

போன ஆடி மாதம் கச்சிராயபாளையம் மாரியம்மன் கோயிலுக்குச் செவ்வந்தி ஓர் அர்ச்சனைத் தட்டோடு போனாள்.

"யாரு பேருக்கும்மா?" என்று கேட்டார் பூசாரி.

"கோபிட்டுன்னு சொல்லுங்க."

"இன்னா பேரு அது?"

"வெள்ளக்காரருங்க. இங்கிலாந்துல பந்து போட்டுக்கினு இருந்தாரு. செத்து நூறு வருசம் இருக்கும்."

பூசாரி தட்டைத் திருப்பிக் கொடுத்தார். "செத்தவங்களுக்கு அர்ச்சனை பண்ண மாட்டாங்கம்மா. அமாவாசை வருது, காக்காவுக்குச் சோறு வை."

செவ்வந்தி கோபித்துக்கொள்ளவில்லை. ஆடி அமாவாசையன்று தலைக்குக் குளித்து, சோறும் பருப்பும் பிசைந்து ஓர் உருண்டை உருட்டி, ஓட்டின்மேல் வைத்தாள். பின்னால் நின்றிருந்த அவள் அம்மா பூமாலை, "வெள்ளக்காரன் பருப்புச் சோறு துண்ணுவானாடி?" என்றாள்.

"நாம துண்றதத்தான் வெக்க முடியும். அந்தாளு புண்ணியத்துலதான நாமளும் துண்றோம்" என்றாள் செவ்வந்தி. கொஞ்ச நேரத்தில் காக்கையும் வந்தது.

கிரிக்கெட் மட்டையைக் கையால் தொட்டறியாதவள், டிவியில் மேட்ச் ஓடினால் சேனலை மாற்றச் சொல்லுகிறவள், கடல் தாண்டி எங்கோ பந்து வீசிய ஒருவனுக்கு இத்தனை நன்றியோடு இருக்கிறாள் என்றால், அதை விளக்க ஒரு பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பூமாலை கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்தவள். சாமை பொய்த்துப்போன ஒரு வருடம் கரும்பு வெட்ட மலையை விட்டு இறங்கினாள். கோமுகி அணைத் தண்ணீர் பாயும் கச்சிராயபாளையத்துக் கரும்புத் தோட்டங்களில் அவளுக்கு வேலை கிடைத்தது. கரும்பு லாரியில் கிளீனராக வந்த ஒருவனை நம்பினாள். வயிற்றில் ஐந்து மாதம் இருக்கும்போது லாரி ஏறிப் போனவன், அடுத்த வருடக் கரும்பு வெட்டுக்கு வரவில்லை. அதற்கடுத்த வெட்டுக்கும் வரவில்லை. பூமாலை தேடிப் போகவில்லை. அன்றிலிருந்து அவன் பெயரை அவள் வாயால் சொன்னதும் இல்லை.

செவ்வந்தியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது ஹெட்மாஸ்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். "தகப்பன் பேரு?"

"இல்லீங்க."

"செத்துட்டாரா?"

"எனக்குச் செத்துட்டாருங்க. எழுத வேணாம்."

அவர் எழுதவில்லை. அந்தக் காலத்தில் தாயின் பெயரிலிருந்து ஓர் எழுத்தை எடுத்துப் போடலாமே என்று அவருக்கும் தோன்றவில்லை, பூமாலைக்கும் தெரியவில்லை. ஆகவே பன்னிரண்டு வருடம், தினமும் காலையில், வகுப்பில் எல்லாப் பெயர்களும் ஓர் எழுத்தோடு வந்தன. மா. கமலா, கா. பழனி, ர. இளவரசன். செவ்வந்தியின் பெயர் மட்டும் மொட்டையாக வந்தது. அந்த இடத்தில் வாத்தியார் ஒரு நொடி நிறுத்துவார். அந்த ஒரு நொடியில் பின்பெஞ்சில் யாராவது சிரிப்பார்கள். நம் ஊரில் பெயருக்கு முன்னால் எழுத்து இல்லாதவர்களை எப்படிப் பார்ப்பார்கள் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இருபத்து மூன்று வயதில் தியாகதுருகத்திலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல பையன். நிச்சயமும் ஆயிற்று. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் நேரத்தில் பையனின் மாமா வந்து உட்கார்ந்தார். "பொண்ணோட அப்பா பேருன்னு ஏதோ ஒரு பேரப் போட்டுடுங்க. யாரு வந்து கேக்கப் போறா?" என்றார். பூமாலை ஒப்பவில்லை. "இல்லாதவனுக்கு நான் எதுக்குப் பேரு வெக்கணும்?" என்றாள். கல்யாணம் நின்றுபோயிற்று. செவ்வந்தி மறுநாள் விடியற்காலையில் கொடுவாளை எடுத்துக்கொண்டு அம்மாவோடு கரும்பு வெட்டப் போனாள். ஆறு வெட்டு வெட்டினாள். கரும்புச் சோகை கிழித்துக் கிழித்து அவள் முன்கைகள் கோடு போட்ட நோட்டுப்போல ஆயின. ஏழாவது வருடம் கட்டுத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர், இனிமேல் சுமை தூக்கினால் படுக்கைதான் என்று சொல்லிவிட்டார்.

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் இருக்கும் கலையரசியின் கடைக்கு ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்கப் போனாள். கீழே உரக்கடை. மாடியில் ஜெராக்ஸ் மெஷினும் எட்டு கம்ப்யூட்டர்களும் வைத்து, வாக்காளர் பட்டியல், பள்ளிச் சான்றிதழ், பழைய கிரயப் பத்திரம் என்று டைப் அடித்துக் கொடுக்கும் ஆபீஸ். ஒரு பெரியவர் கொண்டுவந்த அறுபது வருடத்துப் பத்திரத்தின் கோழிக்கிறுக்கலை யாராலும் படிக்க முடியவில்லை. வரிசையில் நின்ற செவ்வந்தி எட்டிப் பார்த்துக் கடகடவென்று படித்துவிட்டாள்.

கலையரசி கண்ணாடியைக் கழற்றினாள். "இந்த எழுத்து உனக்கு எப்படிம்மா புரியுது?"

"கடைசி பெஞ்சுங்கக்கா. போர்டுல இருக்கறது பாதிதான் தெரியும். மீதிய நானே யோசிச்சிக்குவன்."

"நாளைக்குக் காலைல வா."

அந்த மூன்று வார்த்தையைச் செவ்வந்தி இன்றுவரைக்கும் மறக்கவில்லை. கரும்புக் காட்டிலிருந்து ஒரு நாற்காலிக்கு அவளைத் தூக்கி வைத்தவள் கலையரசி. டைப்பிங் சொல்லிக்கொடுத்தாள். ஆங்கிலம் படிக்கத் தடுமாறியபோது பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டினாள். பழைய கையெழுத்து எந்த மொழியில் வந்தாலும் அது செவ்வந்தியின் மேசைக்குப் போகும் என்று ஆபீசில் பெயரானது.

ஐந்து வருடம் கழித்து ஒரு பெரிய வேலை வந்தது. சென்னைக் கம்பெனி ஒன்றின் வழியாக, இங்கிலாந்திலிருந்து. அங்கே ஒரு கவுண்டி கிரிக்கெட் கிளப். அதற்கு நூற்றைம்பது வயது நிறையப் போகிறதாம். ஸ்கோர் புத்தகங்கள், கூட்டக் குறிப்புகள், கடிதங்கள் என்று அறை நிறைய இருந்ததைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். அதிலிருந்து ஆடியவர்கள் அத்தனை பேரின் பதிவேட்டையும் உருவாக்க வேண்டும். அதை வைத்து கிளப்பின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுவார்கள்.

ஆபீசில் ஒரே ஆண்பிள்ளை சந்தோஷ். கம்ப்யூட்டர் ரிப்பேரும் இன்டர்நெட்டும் அவன் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மைதானத்தில்தான் கிடப்பான். அவன் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டான்.

"கவுண்டின்னா இன்னா சந்தோஷ்?" என்று கேட்டாள் செவ்வந்தி.

"மாவட்டம் மாதிரி யக்கா. நம்ம கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு ஒரு டீம் இருந்தா எப்படி, அப்படி."

"நம்ம மாவட்டம் பொறந்தே இப்பதான அஞ்சு வருசம் ஆவுது."

"அதான் நம்மளுக்கு டீம் இல்ல" என்றான் சந்தோஷ்.

ஒரு வாரம் அவன் அவளுக்குப் பாடம் நடத்தினான். இது ரன், இது விக்கெட், இந்த எழுத்து இருந்தால் கேட்ச், இது இருந்தால் போல்டு. விளையாட்டு அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஆனால் பெயர்கள் பிடித்துக்கொண்டன. பழுப்பேறிய தாளில், மசி மங்கிய எழுத்தில், ஒவ்வொரு பெயரும் ஓர் ஆள். இவன் மழையில் ஆடினான். இவன் கை முறிந்து பாதியில் போனான். இவன் பதினான்கு வருடம் ஆடியிருக்கிறான்.

அந்த வேலையில்தான் அவள் கண்ணில் அது பட்டது. ஸ்கோர் புத்தகத்தில் சிலர் பெயருக்கு முன்னால் இரண்டு மூன்று எழுத்துகள் இருந்தன: ஆர். எச். லாங்டன், சி. டபிள்யூ. ஆஸ்பரி. அதே பக்கத்தில், அதே டீமில், சிலர் பெயர் மொட்டையாக நின்றது: பென்னிமோர். ஸ்டிக்லி. கோபிட்.

செவ்வந்தி பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கடல் தாண்டியும் இப்படியா என்று நினைத்தாள். பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்து தகப்பனுடையது என்பதைத் தவிர அவளுக்கு வேறொன்றும் தெரியாது. அவள் வாழ்நாளில் அடித்த எந்தப் படிவத்திலும் அது அப்படித்தான். வாக்காளர் பட்டியலில் தகப்பன் பெயரைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டரே அடுத்த கட்டத்துக்கு விடாது. ஆகவே இவர்களும் தகப்பன் பெயர் தெரியாத பிள்ளைகள் என்று முடிவுகட்டிக்கொண்டாள். அந்த ஊர்ப் பின்பெஞ்சிலும் யாரோ சிரித்திருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

எழுத்து இல்லையென்றால் காலியாக விடச் சொல்லி இங்கிலாந்திலிருந்து எழுதியிருந்தார்கள். அவளால் விட முடியவில்லை.

தேட ஆரம்பித்தாள். ஸ்கோர் புத்தகத்தை முடித்துவிட்டுக் கடிதங்களுக்குள் போவாள். சாப்பாட்டு நேரத்திலும் ஒரு கையில் தயிர்ச் சோறு, ஒரு கையில் மவுஸ். ஒரு கடிதத்தில், பூட்ஸ் கிழிந்துவிட்டது, வேறு வேண்டும் என்று கேட்டு அடியில் தாமஸ் பென்னிமோர் என்று கையெழுத்துப் போட்டிருந்தது. கண்டுபிடித்துவிட்டாள், தகப்பன் தாமஸ். டி. பென்னிமோர் என்று அடித்து, குறிப்புக் கட்டத்தில் தந்தை தாமஸ் என்று ஆங்கிலத்தில் எழுதி, எந்தக் கடிதம் என்பதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டாள். ஒருவனுக்குப் போட்டோவின் பின்பக்கத்தில் கிடைத்தது. ஒருவனுக்கு மைதானத்து வேலையாட்கள் வருகைப் பட்டியலில். இப்படி எட்டு மாதத்தில் எழுபத்து மூன்று பேருக்கு. ஒவ்வொரு முறையும் வீட்டுக்குப் போய் அம்மாவிடம், "இன்னிக்கு ஒருத்தனுக்கு அப்பன் கெடச்சான்" என்பாள்.

கோபிட்டுக்கு மட்டும் கிடைக்கவில்லை.

அவன் எட்டு வருடம் ஆடியிருந்தான். பக்கத்துக்குப் பக்கம் அவன் பந்தில் யாராவது அவுட் ஆகியிருந்தார்கள். பிறகு ஒரு கூட்டக் குறிப்பில் ஒரே வரி: கோபிட்டை அடுத்த வருடம் வேலைக்கு எடுக்க வேண்டாம். அதன்பிறகு அவன் இல்லை. கடிதம் இல்லை, போட்டோ இல்லை. மூன்று வாரம் தேடினாள். வேலையின் முதல் பகுதியை ஒப்படைக்க வேண்டிய நாளும் வந்துவிட்டது. அன்று சாயங்காலம், யாரும் பார்க்காதபோது, கோபிட்டுக்கு முன்னால் 'பி' என்று ஓர் ஆங்கில எழுத்தை அடித்துவிட்டாள். ஏன் அந்த எழுத்து என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, இங்கிலாந்திலிருந்து மெயில் வந்தது. கலையரசி அதை இரண்டு தரம் படித்தாள். மூன்றாம் தரம் சந்தோஷைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாள். எழுபத்து நான்கு வரிகளில் ஸ்கோர் புத்தகத்தில் இல்லாத எழுத்துகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. தந்தை பெயர் என்று கற்பனையாக எழுதப்பட்டிருக்கிறது. ஒரு வரலாற்றுப் பதிவேட்டில் இதை ஏற்க முடியாது. வேலையை நிறுத்தி வையுங்கள். வெள்ளிக்கிழமை வீடியோவில் பேசுகிறோம், தொடர்வதா வேண்டாமா என்று அன்று முடிவு.

அந்த ஒரு வேலையை நம்பித்தான் அந்த வருடம் ஆபீஸ் நடந்துகொண்டிருந்தது. ஏழு பெண்கள். அது போனால் ஆபீசை மூட வேண்டும். மற்றவர்களாவது துணிக்கடைக்கோ மருந்துக்கடைக்கோ நின்று பிழைத்துக்கொள்வார்கள். செவ்வந்திக்கு நிற்கவும் முடியாது, தூக்கவும் முடியாது. அவளுக்கு அந்த நாற்காலியை விட்டால் வேறு கதி இல்லை.

"கற்பனையா எழுதினியா நீ?" என்று கலையரசி கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று செவ்வந்திக்குத் தோன்றியது.

நோட்டை எடுத்து நீட்டினாள். சந்தோஷ் புரட்டினான். பாதியில் நிமிர்ந்தான். அவனுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

"யக்கா, தாமஸ்ங்கறது அவன் அப்பா பேரு இல்ல. அவன் பேரே அதான். பென்னிமோருதான் குடும்பப் பேரு. அவங்க ஊர்ல தலகீழ். முன்னால இருக்கற எழுத்து அவனவன் சொந்தப் பேரு."

செவ்வந்தி நோட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். "அப்ப இவங்களுக்கு ஏன் இல்ல? சொந்தப் பேருமா இல்லாம போச்சு?"

 சந்தோஷ் ஒரு மணி நேரம் இன்டர்நெட்டில் தேடிவிட்டு வந்தான். அங்கே அந்தக் காலத்தில் ஆட்டக்காரர்கள் இரண்டு ரகமாம். சும்மா ஆசைக்கு ஆடுகிற பணக்கார வீட்டுப் பிள்ளைகள் ஒரு ரகம். கூலிக்கு ஆடுகிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்துக்குப் பெயருக்கு முன்னால் எழுத்துப் போட்டு மரியாதையாக அச்சடிப்பார்கள். கூலிக்காரனுக்கு வெறும் பெயர். உடை மாற்றும் அறை வேறு, மைதானத்துக்குள் வருகிற வாசலும் வேறு.

"ஒரே டீமுதான?" என்றாள் கலையரசி.

"ஒரே டீமுதான் க்கா."

 கரும்புத் தோட்டத்தில் முதலாளி வீட்டுச் சின்னப் பையனைக்கூட 'தம்பிங்க' என்றுதான் அழைப்பார்கள். வெட்டுகிறவர்களை மேஸ்திரி 'ஏழு ஆளு, எட்டு ஆளு' என்று எண்ணுவான். யாரும் செவ்வந்திக்கு எதையும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

மூன்று நாள் ஆபீஸே அதில் இறங்கியது. நோட்டில் இருந்த ஒவ்வொரு பெயருக்கும் அந்தக் கடிதத்தையோ போட்டோவையோ எடுத்து, எண் போட்டு, வரிசைப்படுத்தினார்கள். ஷாலினி என்ற புதுப் பெண், அன்று அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்ததையும் தள்ளிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அவன் எங்க போய்டப் போறான், அடுத்த வாரம் வரட்டும்" என்றாள். வியாழன் சாயங்காலம் எழுபத்து மூன்று ஆதாரம் சேர்ந்துவிட்டது. "எழுபத்து நாலாவது?" என்று கலையரசி கேட்டாள். "காலைல தரேங்கக்கா" என்று சொல்லிவிட்டுச் செவ்வந்தி பஸ்ஸுக்கு ஓடினாள்.

வீட்டில் பூமாலை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். செவ்வந்தி எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அந்த எழுத்தையும் சொன்னாள்.

"எம்பேரயா வெச்ச? வெள்ளக்காரனுக்கா?"

"ஆமா மா."

"எத்தினி வயசு அவனுக்கு?"

"இப்ப இருந்தா நூத்தி அம்பது இருக்கும்."

பூமாலை கீரைக் காம்பைக் கீழே போட்டாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று செவ்வந்தி பதறிப்போய் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். பூமாலை சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீரும் வந்துகொண்டிருந்தது.

"அவனயும் ஒருத்தி பெத்துதான இருப்பா. அவளுக்குன்னு ஒரு பேரு இருக்காதா? ஏன் நான் போயி அங்க குந்திக்கணும்? எடுத்துடு. எனக்கு நீ ஒருத்தி போதும்."

வெள்ளிக்கிழமை காலையில் செவ்வந்தி கலையரசியிடம் உண்மையைச் சொன்னாள். கலையரசி ஜன்னல் பக்கம் திரும்பினாள். கீழே உரமூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"டைப்பிங் மிஸ்டேக்குன்னு நான் சொல்லிடறேன். ஒரு எழுத்துதான. யாருக்கு வேணா விரல் தவறும்."

"விரல் தவறலீங்களேக்கா."

"ஏழு பொண்ணுங்க வேல இது செவ்வந்தி."

"தெரியுங்க."

கலையரசி போய் வீடியோவுக்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள்.

மூன்றரை மணிக்குத் திரையில் இரண்டு முகம் தெரிந்தது. ஒன்று மார்கரெட், வெள்ளை முடி, கிளப்பின் பழைய காகிதங்களைப் பார்த்துக்கொள்ளும் ரிட்டயர்ட் டீச்சர். பக்கத்தில் டை கட்டிய ஒரு மனிதர், கிளப்பின் செயலாளர். அவர் முகம் இறுகியிருந்தது. அனுப்பிய ஆதாரங்களைப் பார்த்தோம் என்றார். எழுபத்து மூன்றும் சரியாக இருக்கின்றன என்றார். ஒன்று விட்டுப்போயிருக்கிறதே என்று கேட்டார்.

கலையரசி தொண்டையைச் செருமினாள். "சார், தட் ஒன் இஸ்..."

அதற்குள் செவ்வந்தி முன்னால் நகர்ந்தாள். "சந்தோஷு, நான் சொல்றத அப்படியே சொல்லு. அந்த ஒண்ணுக்கு ஆதாரம் இல்லீங்க. மூணு வாரம் தேடனேன், கெடைக்கல. வெறும் பேரோட வுட மனசு வரல. நானா ஒரு எழுத்து வெச்சன். தப்புங்க."

சந்தோஷ் மைக்கைக் கையால் மூடினான். "யக்கா, அவங்க கற்பனன்னு சொன்னதே இதத்தான். சொன்னா எல்லாம் போய்டும்."

"சொல்லு."

அவன் சொன்னான்.  கலையரசியின் கை செவ்வந்தியின் நாற்காலி முதுகில் வந்து ஊன்றியது. நாற்காலியைப் பின்னால் இழுத்துவிடுவாளோ, தன்னைத் தள்ளிவிடுவாளோ என்று செவ்வந்தி நினைத்த கணத்தில், கலையரசி தன் உடைந்த ஆங்கிலத்தில் பேசினாள். ஷி இஸ் மை ஸ்டாஃப். ஹெர் மிஸ்டேக் இஸ் மை மிஸ்டேக்.  

மார்கரெட் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஏன் அந்த எழுத்து?

"எங்கம்மா பேரு பூமாலைங்க" என்றாள் செவ்வந்தி.  எனக்கும் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது என்று அவள் சொல்ல நினைத்ததை, அவள் சொல்லாமலே சந்தோஷ் சொன்னான். ஐந்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு அது தெரியாதா?

செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மார்கரெட் பேசினார், சந்தோஷ் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான். இந்த எழுபத்து மூன்று பேரில் பத்தொன்பது பேரின் முழுப் பெயர்தான் எங்களுக்குத் தெரியும். எங்கள் கிளப்பின் வரலாறு இதற்கு முன் இரண்டு தரம் எழுதப்பட்டது. இரண்டிலும் மற்றவர்கள் வெறும் பெயரோடுதான் இருக்கிறார்கள். கடிதங்கள் அதே அறையில்தான் இருந்தன. நாங்கள் தேடவில்லை. காலியாக இருந்தது எங்களுக்கு உறுத்தவே இல்லை. உங்களுக்கு உறுத்தியிருக்கிறது.

பிறகு கண்டிப்பான டீச்சர் குரல் வந்தது. அந்த 'பி'யை எடுத்துவிடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை. இனி ஒவ்வொரு வரியையும் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். இந்த நிபந்தனைக்குச் சம்மதம் என்றால் வேலை உங்களிடமே இருக்கட்டும்.

"சம்மதமான்னு கேக்கறாங்க" என்றான் சந்தோஷ், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"நீ ஏண்டா அழுவுற?" என்றாள் கலையரசி.

"ஏசி காத்துங்கக்கா."

"நம்ம கிட்ட ஏசியே இல்ல."

மற்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். இங்கிலாந்தில் இருந்தவர்களுக்கு ஏன் என்று புரியாவிட்டாலும் அவர்களும் சிரித்தார்கள். செவ்வந்தி மட்டும் இரண்டு கையையும் கூப்பித் திரையைக் கும்பிட்டாள். மார்கரெட் அதைப் பார்த்துவிட்டுத் தானும் கையைக் கூப்பினார், கொஞ்சம் கோணலாக.

திங்கட்கிழமை காலை பதிவேட்டைத் திறந்தாள். 'தந்தை' என்று தான் எழுதிய சொல்லை எழுபத்து மூன்று இடத்திலும் அழித்தாள். தாமஸ் பென்னிமோருக்கு அவன் பெயரை அவனிடமே கொடுத்தாள். ஹென்றி ஸ்டிக்லிக்கும் அப்படியே. ஷாலினி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். கடைசியில் கோபிட். 'பி'யை அழித்துவிட்டு, குறிப்புக் கட்டத்தில் 'முதற்பெயர் தெரியவில்லை, தேடப்படுகிறது' என்று ஆங்கிலத்தில் அடித்தாள். அடித்து முடித்தபோது, அவனைத் தனியாக விட்டுவிட்டதாக அவளுக்குத் தோன்றவில்லை. இவன் இல்லாவிட்டால் அன்று தான் வாய் திறந்திருக்கவே மாட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் புதிதாக ஒரு கட்டு வந்தது. மார்கரெட் ஒரு வரி எழுதியிருந்தார்: கூலிக்கு ஆடியவர்களின் மனைவிமார் கிளப்புக்கு எழுதிய கடிதங்கள், கையெழுத்து எங்களுக்குப் புரியாததால் எந்தப் பதிவிலும் சேர்க்காமல் வைத்திருந்தோம், செவ்வந்தி படிக்கட்டும்.

மற்ற வேலையெல்லாம் முடித்துச் சாயங்காலம்தான் அவள் முதல் பக்கத்தைப் பெரிதாக்கினாள். மசி தண்ணீர் பட்டுப் பரவியிருந்தது. பாதி தெரிந்தது.

"கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸு வர்ற நேரம் ஆச்சு செவ்வந்தி" என்றாள் கலையரசி, விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே.

"அடுத்த பஸ்ஸுல போறங்கக்கா. இந்தம்மா இன்னா கேக்கறாங்கன்னு மட்டும் பாத்துடறன்."

கலையரசி அவள் மேசைக்கு மேலிருந்த விளக்கை மட்டும் அணைக்காமல் விட்டாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "படி, நானும் கேக்கறேன்" என்றாள்.